காது மெஷினுக்குப் பணம் எங்கிருந்து வரும்? கொங்குப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வீட்டில் பெரியவர்களுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று தெரிந்ததும் நம் பக்கம் முதலில் நடப்பது, கோயமுத்தூரிலோ ஈரோட்டிலோ ஒரு காது மெஷின் கடையைத் தேடிப் போவதுதான். அங்கே இலவசமாகச் சோதனை செய்து, இரண்டு காதுக்கும் சேர்த்து லட்சத்துக்கு மேல் ஒரு விலை சொல்வார்கள். அப்பா, "எனக்கு அதெல்லாம் வேண்டாம் உடு, நல்லாத்தான் கேக்குது" என்று எழுந்து வந்துவிடுவார், பேச்சு அத்தோடு நின்றுபோகும். இல்லாவிட்டால் மகன் எப்படியோ கடனை உடனை வாங்கி மெஷினை மாட்டிவிடுவார், அப்புறம்தான் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டிலேயே கிடைத்திருக்கும் என்று தெரியவரும். பில்லை எடுத்துக்கொண்டு ஓடினால், வாங்குவதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

அதனால் வரிசைதான் முக்கியம். முதலில் ஆஸ்பத்திரி, அடுத்து காதுக் குறை எத்தனை சதவீதம் என்ற சான்று, அதற்கடுத்து அரசாங்கத் திட்டமும் வேலை வழியாக வரவேண்டிய உரிமையும், எல்லாம் பார்த்த பிறகு கடைசியாகக் கடை. இந்த வரிசையை மாற்றினால் திறந்திருக்கிற கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும்.

முதல் படி: காது டாக்டரும் ஆடியோகிராமும்

காது கேட்கவில்லை என்றால் எல்லோருக்கும் மெஷின் தேவை என்று கிடையாது. காதில் குரும்பி அடைத்திருக்கலாம், செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், சீழ் வடியலாம், நடுக்காதின் சிறு எலும்பு இறுகியிருக்கலாம். இவற்றில் பலவற்றை மருந்திலோ ஆபரேஷனிலோ சரி செய்துவிட முடியும். சீழ் வடிகிற காதுக்குள் மெஷினின் அச்சைத் திணித்தால் சீழ் இன்னும் கூடும். கடையில் இருப்பவர் செவிப்பறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சிகிச்சை சொல்ல முடியாது, அது காது மூக்கு தொண்டை டாக்டரின் வேலை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நாள் கணக்கு இருக்கிறது. ராத்திரி நன்றாகப் படுத்தவருக்குக் காலையில் எழும்போது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால் அது அவசர நோய். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளாவது டாக்டரிடம் போயாக வேண்டும். முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் திரும்பக் கேட்க நல்ல வாய்ப்பு உண்டு, வாரக்கணக்கில் தள்ளிப் போட்டால் அது போய்விடும். சளி பிடித்திருக்கும், தானாகச் சரியாகும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

பரிசோதனைக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை, பெருந்துறையில் இருக்கும் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அப்புறம் திருப்பூர், கரூர், நாமக்கல் என்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தாலுகா ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிக்கொண்டு போனாலும் சரி, நேராகப் போனாலும் சரி. தனியாரில் செய்தால் ஆடியோகிராம் என்ற கேட்புச் சோதனைக்குச் சில நூறு ரூபாய் ஆகும். செய்கிறவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா, அதாவது கேட்புத்திறன் நிபுணரா என்று கேட்டு, அறிக்கையில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆடியோகிராம் தாளைக் கையில் வாங்கியதும் மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள், ஒரு நிமிடம் பாருங்கள். மேலே இடமிருந்து வலமாக 250, 500, 1000, 2000, 4000, 8000 என்று எண்கள் போகும், அது சுருதி: இடப்பக்கம் கனத்த ஒலி, வலப்பக்கம் மெல்லிய கீச்சு ஒலி. மேலிருந்து கீழாக டெசிபல், அதாவது எவ்வளவு சத்தமாக வைத்தால் காதுக்கு எட்டுகிறது என்பது. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு கீழே இறங்க இறங்கக் குறை அதிகம் என்று அர்த்தம்.

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிக்குடோனில் பல வருடம் ஓட்டியவர்களின் தாளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இடப்பக்கம் கோடு ஓரளவு மேலேயே போய்க்கொண்டிருக்கும், 4000 பக்கம் வந்ததும் பள்ளத்தில் விழுந்த மாதிரி சட்டென்று இறங்கும். சத்தத்தால் கெட்டுப்போன காதின் அடையாளம் அதுதான். அந்த மேல் சுருதியில்தான் ச, ஸ, த போன்ற மெய்யொலிகளின் கூர்மை இருக்கிறது, அது போய்விட்டால் உயிரொலி மட்டும் காதில் விழும். "சத்தம் கேக்குதுங்க, என்ன சொல்றாங்கன்னுதான் வெளங்கறதில்லீங்க" என்று அவர்கள் சொல்வதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வீட்டில் இருக்கிறவர்கள், வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருக்கிறார் என்று பெரியவரைத் திட்டுவதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். அந்தத் தாளை ஒரு தடவை அவர்களுக்கும் காட்டுங்கள்.

இரண்டாவது படி: சதவீதமும் அடையாள அட்டையும்

இலவசக் கருவி தரும் திட்டங்கள் பெரும்பாலானவற்றுக்கு 40 சதவீதம் என்பதுதான் வாசல்படி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரண்டு காதிலும் பேச்சுச் சுருதிகளில் 60 முதல் 70 டெசிபல் வரை குறை இருந்தால் கேட்புத்திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் குறை இருந்தால் காது கேளாதவர் என்றும் வகுத்திருக்கிறது.

சதவீதத்தை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நன்றாக இருக்கும் காதின் சதவீதத்தை 5 ஆல் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தை அதோடு கூட்டி, மொத்தத்தை 6 ஆல் வகுப்பார்கள். நல்ல காதில் 40, கெட்ட காதில் 70 என்று வைத்துக்கொண்டால் 200 கூட்டல் 70, அது 270, ஆறால் வகுத்தால் 45 சதவீதம். தகுதி கிடைத்துவிடும். ஆனால் ஒரு காது அடியோடு செவிடாகி, இன்னொரு காது நன்றாகவே கேட்கிறது என்றால் 100ஐ ஆறால் வகுத்து 17 சதவீதத்துக்குள்தான் வரும். எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. ஒற்றைக் காதோடு அவிநாசி ரோட்டைக் கடக்கிறவருக்கு வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. ஆனாலும் விதி அப்படித்தான் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு போனால் வீணாக அலைய வேண்டியதில்லை.

சான்றுக்கு விண்ணப்பம் இப்போது ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில், யு.டி.ஐ.டி. என்ற தனித்துவ அடையாள அட்டைக்காகப் போட வேண்டும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, கையெழுத்து அல்லது கைநாட்டு போதும். இ-சேவை மையத்திலும் போட்டுத் தருவார்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் உதவுவார்கள். அப்புறம் அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு உட்காரும் நாளில் போக வேண்டும். எந்தக் கிழமை என்பது ஊருக்கு ஊர் மாறும், அதனால் கிளம்புவதற்கு முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மறுபடியும் சோதனை செய்வார்கள். வயதானவர் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றாலோ, குழந்தை என்றாலோ பெரா சோதனைக்கு எழுதுவார்கள், அதில் தலையில் ஒயர் ஒட்டி, நரம்பு எந்தச் சத்தத்துக்கு அசைகிறது என்று மெஷினே பார்த்துக்கொள்ளும். அட்டை வெள்ளையாக வந்தால் 40க்குக் கீழே, மஞ்சள் என்றால் 40க்கு மேலே, நீலம் என்றால் 80ம் அதற்கு மேலும்.

சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று உங்களுக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை அதே சட்டத்தின் 59ஆவது பிரிவு கொடுத்திருக்கிறது. பழைய ஆடியோகிராம் தாள்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தால் அப்போது கைகொடுக்கும்.

மூன்றாவது படி: இலவசமாகக் கொடுக்கும் கதவுகள்

இங்கே மூன்று கதவுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விதி வேறு வேறு. நம் ஆட்கள் பலர் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கவில்லை என்றதும் வேறு எதுவும் கிடைக்காது என்று வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். அந்த அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், கீழே சொல்லும் மத்திய அரசுத் திட்டங்களுக்கு வரம்பு அதைவிட அதிகம்.

முதல் கதவு மாநில அரசு. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியை இலவசமாகக் கொடுக்கிறது. மாவட்ட அலுவலகம் பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும். அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, ஆடியோகிராம் எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மனுவைக் கொடுத்துவிட்டுப் பதில் வரவில்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமே கொடுக்கலாம். அங்கே மனுவைப் பதிவு செய்து எண் தருவார்கள், அந்தத் துண்டுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், அடுத்த முறை போகும்போது அதைக் காட்டித்தான் பேச முடியும்.

இரண்டாவது கதவு, மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டம். 1981லிருந்து நடக்கிறது. 40 சதவீதச் சான்று வேண்டும். மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இருந்தால் கருவி முழு இலவசம், அதற்கு மேல் 30,000 வரை என்றால் பாதி விலை. அதே கருவியை முந்தைய 3 வருடத்துக்குள் வாங்கியிருக்கக் கூடாது, 12 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் 1 வருடம். கான்பூரில் இருக்கும் அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம்தான் பெரும்பாலும் கருவியைக் கொடுக்கிறது. முதலில் ஒரு முகாமில் அளவெடுப்பார்கள், சில மாதம் கழித்து இன்னொரு முகாமில் கருவியைத் தருவார்கள். நடுவில் போன் நம்பரை மாற்றிவிட்டீர்கள் என்றால் தகவல் வராது.

மூன்றாவது கதவு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம். 2017இல் தொடங்கியது. 60 வயது முடிந்தவர்களுக்கு மட்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லை மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இதுவும் அலிம்கோ வழிதான், காது மெஷின், கைத்தடி, கண்ணாடி, பல்செட் எல்லாம் இதில் வரும். முதுமையால் வரும் குறைபாட்டுக்கான திட்டம் இது. அதனால் 40 சதவீதத்தைத் தொடாமல் 30, 35 என்று நின்றுபோன பெரியவர்கள் கட்டாயம் தட்டிப் பார்க்க வேண்டிய கதவு.

வருமானச் சான்று விஷயத்தில் ஒரு வார்த்தை. தோட்டம் இருக்கிறது, தென்னை இருக்கிறது, ஆனால் தண்ணீர் இல்லாமல் வருமானம் இல்லை என்கிற குடும்பங்கள் காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் நிறைய. நிலம் இருப்பதாலேயே தகுதி போய்விடும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்து தாசில்தார் சான்று கொடுப்பார். எழுதப்படும் தொகை உண்மையான வருமானமாக இருந்தால் போதும்.

இலவசக் கருவி தரமாக இருக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இப்போது கொடுப்பது டிஜிட்டல் கருவி, அடிப்படை வேலையை நன்றாகவே செய்யும். கடையில் விற்கும் விலை உயர்ந்த மாடல் மாதிரி போனோடு இணைவதோ, கல்யாண மண்டபத்து இரைச்சலைப் பிரிப்பதோ இதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வீட்டில் பேத்தி பேசுவதைக் கேட்கவும், டி.வி. செய்தியைக் கேட்கவும் போதும். குறை எங்கே வருகிறது என்றால், முகாமில் வரிசையில் உட்காரவைத்து அவசரமாக மாட்டி அனுப்பிவிடுவார்கள், ஒவ்வொருவரின் காதுக்கும் ஏற்ற மாதிரி ப்ரோகிராம் செய்ய நேரம் இருக்காது. ஆகவே வாங்கி வந்த 10 நாளுக்குள் ஆடியோகிராமையும் கருவியையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனை ஆடியாலஜிஸ்டிடமோ தனியாரிடமோ போய்ச் சரி செய்துகொள்ளுங்கள், கூடவே சொந்தக் காதுக்கு அளவெடுத்த அச்சு ஒன்றும் செய்து போடுங்கள். இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு கருவியின் விலையோடு பார்த்தால் சின்னது. இதைச் செய்யாததால்தான் இலவச மெஷின்கள் "கீ கீ" என்று கத்துகின்றன, பீரோவுக்குள் போய்ச் சேருகின்றன.

நான்காவது படி: வேலை வழியாக வருவது

திருப்பூர் பனியன் கம்பெனி, கோவை பவுண்டரி, ஸ்பின்னிங் மில் என்று எங்கே வேலை செய்தாலும் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு, மாற்றுத்திறனாளி என்றால் 25,000 வரை, சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். அது உங்கள் பணம். 10 இலக்க இன்ஷூரன்ஸ் எண் இருந்தால் டிஸ்பென்சரிக்குப் போய், அங்கிருந்து சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ உங்களுக்குரிய மருத்துவமனைக்கோ எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். அங்கே காது நிபுணர் பரிந்துரைத்தால் காப்பீட்டாளருக்குக் கருவி கிடைக்கும். அப்பா அம்மா உங்களை நம்பி இருந்து அவர்கள் வருமானம் மாதம் 9,000 ரூபாய்க்குள் இருந்தால் அவர்களையும் அட்டையில் சேர்த்து, காது வைத்தியத்தை அங்கேயே பார்க்கலாம்.

இதில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத இன்னொரு சங்கதி இருக்கிறது. சத்தத்தால் காது கெடுவது இ.எஸ்.ஐ.க்கான தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வேலையால் கேட்கும் திறன் போனது மருத்துவக் குழுவில் உறுதியானால் ஊன உதவித்தொகை கேட்க முடியும், கருவி வேறு, இது வேறு. தொழிற்சாலைகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதுதான் வரம்பு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் உங்கள் பட்டறை அந்த வரம்புக்கு அருகிலோ மேலேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் இருக்கும்போதே ஆடியோகிராம் எடுத்து, எந்த மில்லில் எந்த மெஷினில் எத்தனை வருடம் என்று எழுதி வையுங்கள். வேலையை விட்டு நின்று பல வருடம் கழித்துப் போய் நிரூபிப்பது மிகவும் சிரமம். நாலு தறி, எட்டுத் தறி வைத்து ஓட்டும் சின்னக் குடோன்களில் இ.எஸ்.ஐ.யே இருக்காது, அவர்களுக்கு மேலே சொன்ன மூன்று கதவுகள்தான். பஞ்சைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொள்வது போதாது, மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைப் பஞ்சு அடைப்பானை வாங்கிப் பிள்ளைகளுக்காவது கொடுங்கள்.

மத்திய அரசு ஊழியர், ஓய்வு பெற்றவர், ரயில்வேக்காரர், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோருக்கு அவரவர் மருத்துவத் திட்டத்திலேயே காது மெஷின் உண்டு. ஒவ்வொரு வகைக் கருவிக்கும் உச்ச விலை வைத்திருப்பார்கள், அதற்கு மேல் ஆவதைக் கையிலிருந்துதான் போட வேண்டும். நிபுணரின் பரிந்துரை, ஆடியோகிராம், விலைப்பட்டியல், முன் அனுமதி, அதன் பிறகு பில் என்ற வரிசையை மாற்றவே கூடாது.

குழந்தை என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடுங்கள்

பெரியவருக்கு மாதக்கணக்கில் தள்ளிப் போனால் கஷ்டம்தான், ஆனால் குழந்தைக்குத் தள்ளிப் போனால் பேச்சே வராது. பிறந்த 1 மாதத்துக்குள் காதுச் சோதனை, 3 மாதத்துக்குள் நோய் உறுதி, 6 மாதத்துக்குள் கருவி என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. "அப்பாருகூட லேட்டாத்தான் பேசுனாரு" என்று அம்மிச்சி சொல்வதைக் கேட்டுக்கொண்டு இரண்டு வயது வரை காத்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளி, அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழு 18 வயது வரை சோதித்து, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பும். நீங்களே நேராகவும் போகலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்தில் கேளுங்கள், அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், கருவிக்கும் முகாம் நடத்துகிறார்கள்.

மெஷின் போட்டும் பலனில்லை என்ற அளவுக்குக் குறை இருந்தால் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி. வெளியில் செய்தால் பல லட்சம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். அடிப் திட்டத்திலும் உண்டு, பேச்சு வருவதற்கு முன்பே காது கேளாமல் போன குழந்தைக்கு 1 முதல் 5 வயது வரை, பேச்சு வந்த பிறகு போனவர்களுக்கு 18 வயது வரை. மும்பையில் இருக்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம்தான் அதற்கு ஒருங்கிணைப்பு. ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அப்புறம் வருடக்கணக்கில் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போக வேண்டும், அது போகாவிட்டால் அவ்வளவு பெரிய கருவியும் வெறும் சத்தம்தான். வாரண்டி எத்தனை வருடம், வெளியே மாட்டும் ப்ராசசரும் ஒயரும் பழுதானால் யார் கொடுப்பது என்பதையும் ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காப்பீடு எங்கே உதவும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம். காது ஆபரேஷன்களுக்கு இது நன்றாகவே பயன்படும். தனியார் பாலிசி வைத்திருப்பவர்களுக்கும் அதேதான்: செவிப்பறை ஆபரேஷன் போன்றவை வரும், ஆனால் வெளியே மாட்டும் மெஷினுக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தராது. ஏஜென்ட் வாயால் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல் பாலிசித் தாளில் விலக்குப் பட்டியலைப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, கைப்பணம் போட்டு வாங்குவதென்றால்

எல்லாக் கதவையும் தட்டியாயிற்று, இல்லை காத்திருக்க நேரமில்லை, சரி, கடைக்குப் போகலாம். காதுக்குப் பின்னால் மாட்டும் அடிப்படை டிஜிட்டல் மெஷின் ஒரு காதுக்குச் சுமார் 10,000 முதல் 25,000 ரூபாய்க்குள் கிடைக்கும். நடுத்தரம் 30,000 முதல் 75,000. அதற்கு மேல் போனால் லட்சத்தைத் தாண்டும். போனாக், சிக்னியா, ஓட்டிகான், வைடெக்ஸ், ரீசவுண்ட், ஸ்டார்க்கி எல்லாமே நல்ல கம்பெனிகள்தான், பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், மாட்டிவிடும் ஆளின் பொறுமைதான் பாதிப் பலனைத் தீர்மானிக்கிறது.

பெரியவர் நாள் முழுக்க வீட்டுத் திண்ணையிலும் தோட்டத்திலும் இருப்பவர் என்றால் உயர்ந்த மாடல் தேவையே இல்லை. கடைவீதியில் வியாபாரம் பார்ப்பவர், நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் இருப்பவர் என்றால் இரைச்சலைக் குறைக்கும் வசதிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். இரண்டு காதிலும் குறை இருந்தால் ஒரு காதுக்கு 80,000 போடுவதைவிட அதே பணத்தில் இரண்டு காதுக்கும் 40,000 கருவி வாங்குவது நல்லது என்பது என் கருத்து, எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்று தெரிய இரண்டு காதும் வேண்டும்.

விலை பேசுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி. ஒன்று, கொடுக்கும் விலை ஒன்று. குறைந்தது இரண்டு இடத்தில் மாடல் பெயரோடு எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். கோபிப் பக்கம் ஒரு பாட்டிக்கு ஒரு கடையில் ஜோடி 1,80,000 என்று சொல்லி, "இன்னைக்கே புக் பண்ணாத்தான் ஆபருங்க" என்று அவசரப்படுத்தினார்கள். பேரன் ஆடியோகிராமை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து வேறு இடத்தில் காட்டினான். பாட்டி வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர், அவருக்கு 50,000க்குள் ஜோடி முடிந்தது, நன்றாகவே கேட்கிறது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: ஒரு வாரமாவது வீட்டில் போட்டுப் பார்க்கத் தருவீர்களா, திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பிடிப்பீர்கள், வாரண்டி எத்தனை வருடம், ப்ரோகிராம் செய்ய எத்தனை தடவை வரலாம், அதற்குத் தனியாகப் பணம் உண்டா, நீங்கள் கடையைக் காலி செய்துவிட்டால் வேறு ஆடியாலஜிஸ்ட் இதை ப்ரோகிராம் செய்ய முடியுமா. காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் மெஷின் மேலேயே ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தவணை என்றால் வட்டியில்லா இ.எம்.ஐ. என்று சொல்வதில் ப்ராசசிங் கட்டணமும், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி இல்லாமல் போவதும் ஒளிந்திருக்கும். ரொக்க விலை என்ன, தவணையில் மொத்தம் எவ்வளவு கட்டுகிறேன் என்று இரண்டையும் எழுதி வாங்கிப் பாருங்கள். நகையை வைப்பதாக இருந்தால் கூட்டுறவு வங்கியில் வையுங்கள், மீட்டர் வட்டிக்காரரிடம் காதுக்காகப் போய் நிற்காதீர்கள்.

இணையத்தில் 1,000, 2,000 ரூபாய்க்கு விற்பது வெறும் சத்தம் கூட்டும் கருவி. உங்களுக்கு எந்தச் சுருதியில் குறை என்று அதற்குத் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்றும், மிச்சமிருக்கும் காதையும் கெடுக்கலாம்.

வருமான வரி கட்டுகிறவர்கள் பழைய வரி முறையில் இருந்தால், 40 சதவீதச் சான்றுக்கு 75,000 ரூபாயும் 80 சதவீதத்துக்கு 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் தனக்கென்றால் 80-யு, நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கென்றால் 80-டிடி என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். காப்பீடு இல்லாத 60 வயது முடிந்த பெற்றோருக்குச் செய்யும் மருத்துவச் செலவுக்கும் 50,000 வரை கழிவு இருக்கிறது, ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது, அதனால் வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ கட்டி பில்லை வையுங்கள்.

ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் நம் பக்கத்து ஊர்கள் பலவற்றில் காது மெஷின் முகாம் நடத்துகின்றன, மில் முதலாளிகள் சிலர் தனியாகவும் உதவுகிறார்கள். கேட்கப் போகும்போது வெறும் கையோடு போகாமல் ஆடியோகிராம், டாக்டர் சீட்டு, மாடல் பெயர் போட்ட விலைப்பட்டியல் எல்லாம் கொண்டுபோனால் காரியம் சீக்கிரம் நடக்கும். காசோலையைக் கடை பெயரிலேயே கொடுக்கச் சொல்லுங்கள், கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும். இறந்துபோனவர் வீட்டில் சும்மா கிடக்கும் காதுக்குப் பின் மாட்டும் மெஷினைக் கேட்டு வாங்கி, புது அச்சு செய்து, மறுபடி ப்ரோகிராம் செய்து போட்டுக்கொள்ளவும் முடியும். காதுக்குள் வைக்கும் வகை அப்படி ஒத்துவராது.

வாங்கிய பிறகும் செலவு இருக்கிறது

பட்ஜெட் போடும்போது எல்லோரும் மறப்பது பேட்டரி. ஸ்டிக்கர் நிறத்தை வைத்தே அளவு தெரிந்துகொள்ளலாம்: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. ஓர் அட்டையில் பெரும்பாலும் 6 இருக்கும். 13ஆம் எண் பேட்டரி 10 நாள் வருகிறது என்று வைத்தால் ஒரு காதுக்கு வருடத்துக்கு 6 அட்டை, இரண்டு காதுக்கு 12. வாங்கும்போதே ஒரு வருடத்துப் பேட்டரியைச் சேர்த்துத் தரச் சொல்லி விலை பேசுங்கள். அந்த ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டு பேட்டரி வேலை செய்யத் தொடங்கும், திரும்ப ஒட்டினால் மிச்சம் பிடிக்க முடியாது. உரித்து ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக உழைக்கும். ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். சார்ஜ் போடும் மாடலில் இந்த வேலை இல்லை, ஆனால் நாலைந்து வருடத்தில் உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்ற ஒரு தொகை ஆகும்.

வியர்வைதான் பெரிய எதிரி. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் மெஷினைத் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். அச்சின் துளையில் குரும்பி அடைத்தால் மெஷின் செத்துவிட்டது என்று நினைத்து ரிப்பேருக்குக் கொடுத்துப் பணம் அழுகிறார்கள், பாதி நேரம் அந்தத் துளையைச் சுத்தம் செய்தாலே பேசும். அச்சைக் கழற்றித் தனியாகக் கழுவிக் காயவைக்கலாம், மெஷினில் தண்ணீர் படக்கூடாது. வாரண்டி முடிவதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு தடவை கொடுத்து முழுசாகப் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை புது ஆடியோகிராம் எடுங்கள். குறை கூடியிருந்தால் மெஷினை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், முன்பு 35 சதவீதம் என்று வெள்ளை அட்டை வாங்கியவர் இப்போது 40ஐத் தாண்டியிருந்தால் மருத்துவக் குழுவிடம் மறுமதிப்பீடு கேட்டு மாநில அரசுக் கதவையும் அடிப் கதவையும் தட்டலாம். தேதி போட்ட பழைய தாள்களோடு புதுத் தாளையும் சேர்த்து ஒரே ஃபைலில் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள்.